முதுகு நீரைப் பேச வைத்த டாக்டர் குவிங்கே

ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டரின் மேஜை மீது விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான மெல்லிய ஊசி ஒன்று உறைக்குள் இருக்கும். அதற்குக் குவிங்கே ஊசி என்று பெயர். சிசேரியன் ஆபரேஷன் ஆன தாய்மார்களில் பலருக்கு, முதுகில் அந்த ஊசி ஏறித்தான் இடுப்புக்குக் கீழே மரத்திருக்கும். ஹெர்னியா, மூலம், கால் எலும்பு முறிவு ஆகியவற்றுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களிலும் பலருக்கு அப்படியே. ஊசிக்குப் பெயர் கொடுத்த மனிதர் யார் என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

ஆபரேஷனுக்கு என்றால் இந்த ஊசியை நம்மவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் காய்ச்சலும் வலிப்புமாக நினைவிழந்து கிடக்கும் குழந்தைக்கு முதுகிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், தகப்பன் பின்வாங்குகிறான், பாட்டி அழுகிறாள். கால் விளங்காமல் போய்விடும், ஆயுசுக்கும் படுக்கைதான் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். மூணாறு, வண்டிப்பெரியாறு, உடும்பன்சோலைத் தோட்டங்களிலும், இந்தப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கஞ்சிக்கோடு வட்டாரத்திலும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்குப் பாஷையும் ஒரு தொல்லை. முதுகெலும்பு மலையாளத்தில் நட்டெல்லு, தண்ணீர் வெள்ளம். நட்டெல்லில் குத்தி வெள்ளம் எடுப்பது என்று காதில் விழுந்தால், நேற்று வேலைக்கு வந்த தமிழனுக்கு நெஞ்சு அடைக்காமல் என்ன செய்யும்? கையெழுத்துப் போடும் காகிதமும் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கிறது.

2024-லும் 2025-லும் கேரளப் பத்திரிகைகளில் மூளையைத் தின்னும் அமீபா பற்றிய செய்தி அடிக்கடி வந்தது. அந்த நோயைக் கண்டுபிடிக்கவும் இதே முதுகு நீர்தான் வேண்டும். ஆகவே, இந்த வழியைத் திறந்துவிட்ட ஜெர்மன் டாக்டரின் கதையை நம் வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

ஹைன்ரிக் குவிங்கே 1842-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி, ஓடர் நதிக்கரையில் உள்ள பிராங்க்பர்ட் என்ற ஊரில் பிறந்தார். ஜெர்மனியில் இரண்டு பிராங்க்பர்ட் உண்டு. இது கிழக்கே உள்ள சிறிய ஊர். தகப்பனார் டாக்டர். அண்ணன் கியோர்க் பௌதிகம் படித்துப் பெயர் பெற்ற பேராசிரியர் ஆனார். அண்ணன் ஒலியையும் திரவங்களின் குணத்தையும் அளந்தார். தம்பி பிற்காலத்தில் மனித உடம்புக்குள் இருக்கும் திரவத்தை அளந்தார். அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத குணம் அந்த வீட்டிலேயே இருந்தது போலும்.

பெர்லின், வூர்ஸ்பர்க், ஹைடல்பர்க் ஆகிய ஊர்களில் குவிங்கே வைத்தியம் படித்தார். விர்கோ, ஹெல்ம்ஹோல்ட்ஸ் போன்ற மேதைகள் அவருக்கு ஆசிரியர்கள். 1863-ல், 21 வயதிலேயே டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் பெர்லினில் பிரெரிக்ஸ் என்ற பெரிய டாக்டரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் ஜெர்மனியில் ஆஸ்பத்திரியும் சோதனைக்கூடமும் கைகோத்து நடக்கத் தொடங்கியிருந்தன. நோயாளியின் நாடியைப் பிடித்து, நாக்கைப் பார்த்து முடித்த டாக்டர், அடுத்த அறைக்குப் போய்ச் சிறுநீரைக் காய்ச்சிப் பார்ப்பார். சிறுநீரில் புரதம் இருந்தால், சூட்டில் முட்டையின் வெள்ளைக்கரு திரிவது போலத் திரிந்து வெண்மையாகும். இந்தப் பழக்கம் குவிங்கேயின் கையில் ஊறிப்போயிற்று. பின்னால் முதுகு நீரில் அவர் செய்ததும் இதன் தொடர்ச்சிதான்.

சாதிலிங்கம் காட்டிய பாதை

மூளையைச் சுற்றியும் தண்டுவடத்தைச் சுற்றியும் தெளிந்த நீர் ஒன்று இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரைப் போல நிறமில்லாதது. பெரியவர்கள் உடம்பில் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் இருக்கும். ஒரு டீ டம்ளர் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். மூளை அதில் மிதக்கிறது. தலையில் சிறிய இடி பட்டாலும் மூளை சேதமடையாமல் இருப்பது இந்த நீரால்தான்.

நெடுங்காலம் இப்படி ஒரு நீர் இருப்பதே சரியாகத் தெரியாமல் இருந்தது. பிணத்தை அறுத்துப் படித்தவர்கள் முதலில் தலையைத் துண்டித்து விடுவார்கள். நீர் வழிந்து ஓடிவிடும். 1764-ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து டாக்டர் கோட்டூன்யோ, தலையை வெட்டாமல் பிணத்தைச் சோதித்து, முதுகெலும்புக்குள் நீர் நிறைந்திருப்பதை எழுதி வைத்தார். அதன் பிறகும் நூறாண்டு காலம் அந்த நீரால் நோயாளிக்கு ஒரு பிரயோஜனமும் ஏற்படவில்லை.

இந்த நீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்க்க விரும்பினார் குவிங்கே. நம் சித்த வைத்தியர்கள் சாதிலிங்கம் என்று சொல்லும் சிவப்புத் தாதுவை எடுத்துக்கொண்டார். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த பொருள் அது. அதைப் பொடியாக்கி, நாய்களின் மூளை உறைக்கும் தண்டுவட உறைக்கும் கீழே உள்ள இடத்தில் செலுத்தினார். பின்னர் சிவப்பு எங்கெங்கே படிந்திருக்கிறது என்று தேடினார். ஓரிடத்தில் விட்ட பொடி தண்டுவடத்திலும் மூளையிலும் பரவியிருந்தது. மேலே உள்ள நீரும் கீழே உள்ள நீரும் ஒன்றே என்பது இதனால் தெளிவாயிற்று. 1872-ல் இதை வெளியிட்டார்.

குவிங்கேயின் பெயரை நிலைக்க வைத்தது 1891 என்றாலும், அதன் விதை இந்த 1872 ஆராய்ச்சிதான் என்பது என் எண்ணம். மூளை நீரும் முதுகு நீரும் ஒன்று என்றால், மூளையில் உள்ள நோயை அறிய மண்டையைத் திறக்க வேண்டியதில்லையே!

1873-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பேராசிரியர் ஆனார். 1878-ல் வட ஜெர்மனியின் துறைமுக நகரமான கீல் பல்கலைக்கழகத்துக்கு வந்து, அங்கேயே 30 ஆண்டு பணியாற்றினார். வேறு சில கண்டுபிடிப்புகளும் அவர் பெயரால் வழங்குகின்றன. ஒவ்வாத ஏதோ ஒன்றால் திடீரென்று உதடும் கண் இமையும் வீங்கிப்போகிறதே, அந்த வீக்கத்தை அவர் 1882-ல் விவரித்து எழுதினார். நுரையீரலில் சீழ்க்கட்டி வந்தவர்களுக்கு ஆபரேஷன் செய்யும் வழியையும் ஆராய்ந்தார்.

21 மாதக் குழந்தை

தலையில் நீர் கோத்துக்கொண்ட குழந்தைகள் அக்காலத்தில் பலர் இறந்தனர். உள்ளே அழுத்தம் கூடி, குழந்தை வாந்தி எடுத்து, நினைவிழந்து போகும். கொஞ்சம் நீரை வெளியேற்றினால் அழுத்தம் குறையுமே என்பது குவிங்கேயின் எண்ணம். எந்த வழியாக எடுப்பது?

இங்கேதான் நம் மக்களின் பயத்துக்குப் பதிலும் இருக்கிறது. முதுகெலும்பு கழுத்திலிருந்து இடுப்பின் அடிவரை நீண்டிருக்கிறது. ஆனால் அதற்குள் இருக்கும் தண்டுவடம் அவ்வளவு தூரம் வருவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்பின் மேல்பக்கத்திலேயே அது முடிந்துவிடுகிறது. குழந்தைகளுக்கு இன்னும் சற்றுக் கீழே முடியும். அதற்குக் கீழே உறைக்குள் நீரும், குதிரை வால் மயிர் போலத் தொங்கும் நரம்பு இழைகளும்தான் இருக்கின்றன. வாளித் தண்ணீரில் நூல்கள் மிதக்கும்போது ஒரு குச்சியை விட்டால் நூல்கள் விலகிக் கொள்ளும் அல்லவா? அப்படியே இழைகளும் ஊசிக்கு விலகிக் கொள்கின்றன. இடுப்பெலும்பின் இரண்டு பக்க மேல் விளிம்புகளையும் சேர்த்து ஒரு கோடு போட்டால் அந்தக் கோடு வரும் இடத்தருகே குத்துகிறார்கள். தண்டுவடம் இல்லாத இடத்தில் குத்தும் ஊசி தண்டுவடத்தை எப்படிக் கெடுக்கும்?

குவிங்கே இந்த உடற்கூறு கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் ஊசியை எடுத்தார். நிமோனியாவுடன் நினைவிழந்து கிடந்த 21 மாதக் குழந்தை ஒன்றுக்கு, மூன்று நாள் இடைவெளி விட்டு மூன்று தடவை, சில மில்லிலிட்டர் நீரை எடுத்தார். குழந்தை பிழைத்துக்கொண்டது. 1891 ஏப்ரலில் வீஸ்பாடன் நகரில் நடந்த உள்மருத்துவ மாநாட்டில் தமது முறையை எடுத்துச் சொன்னார்.

அதே சமயத்தில் லண்டனில் விண்டர் என்ற டாக்டரும் காசநோய் மூளைக்காய்ச்சல் கண்டவர்களுக்கு முதுகிலிருந்து நீர் எடுத்து, அதே 1891-ல் வெளியிட்டார். ஆனால் அவர் தோலைக் கீறிக் குழாய் வைத்தார், நோயாளிகள் பிழைக்கவில்லை. குவிங்கேயின் வழியில் கீறல் இல்லை, தையல் இல்லை. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, உள்ளே கம்பி செருகிய ஊசியால் குத்தி, கம்பியை உருவினால் நீர் சொட்டும். இன்றும் ஆஸ்பத்திரிகளில் அநேகமாக இதே முறைதான்.

வெளியே வந்த நீரை என்ன செய்தார்?

வேறு டாக்டராக இருந்தால், அழுத்தம் குறைந்தது என்று நீரைக் கொட்டியிருப்பார். குவிங்கே கொட்டவில்லை. கண்ணாடிக் குழாயை ஊசியுடன் இணைத்து, நீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்து அழுத்தத்தை அளந்தார். நீரில் புரதம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று சோதித்தார். சீழ் பிடித்த மூளைக்காய்ச்சலில் சர்க்கரை குறைவதைக் கண்டார். சிகிச்சையாகத் தொடங்கியது, நோயைக் கண்டறியும் சோதனையாக மாறியது.

புரதத்தில் அப்படி என்ன இருக்கிறது? நம் ரத்தத்தின் நீர்ப்பகுதியில் 100 மில்லிலிட்டருக்கு 6 முதல் 8 கிராம் புரதம் உண்டு. முதுகு நீரிலோ 15 முதல் 45 மில்லிகிராம்தான். அதாவது ரத்தத்தில் இருப்பதில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு. ரத்தக் குழாய்களுக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு, புரதத்தை உள்ளே விடாமல் காவல் காக்கிறது. மூளை உறையில் கிருமி புகுந்து வேக்காடு கண்டால் காவல் தளர்ந்து புரதம் கசிந்து உள்ளே வரும். ஆகவே புரதம் கூடினால் உள்ளே ஏதோ கோளாறு என்று பொருள். பிறந்த சிசுவுக்கு இயற்கையிலேயே கூடுதலாக இருக்கும் என்பதால் அதற்குக் கணக்கு வேறு.

குவிங்கே காட்டிய வழியில் மற்றவர்களும் இறங்கினார்கள். ஹங்கேரி நாட்டு டாக்டர் பாண்டி 1910-ல் ஓர் எளிய சோதனை சொன்னார். கார்பாலிக் அமிலக் கரைசலில் ஒரு சொட்டு முதுகு நீரை விட வேண்டும். புரதம் கூடியிருந்தால் பீடிப்புகை சுழல்வது போல வெள்ளையாகக் கலங்கும். இல்லையென்றால் தெளிவாகவே இருக்கும். மின்சாரம்கூட இல்லாத ஆஸ்பத்திரியிலும் செய்யலாம். இப்போது சாயம் சேர்த்து, நிறத்தின் ஆழத்தை இயந்திரம் அளந்து மில்லிகிராம் கணக்கைச் சொல்லி விடுகிறது.

புரதம் மட்டும் தனியாகப் பேசாது. அணுக்களின் எண்ணிக்கை, சர்க்கரை ஆகியவற்றுடன் சேர்த்துப் படிக்க வேண்டும். சாதாரண பாக்டீரியா மூளைக்காய்ச்சலில் நீர் கலங்கியிருக்கும். புரதம் கூடும், சர்க்கரை விழும், அணுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். காசநோயில் புரதம் 100 முதல் 500 மில்லிகிராம் வரை கூடப் போகும். குழாயை அசையாமல் வைத்தால் உள்ளே ஒட்டடை போல மெல்லிய வலை படிவதும் உண்டு. வைரஸ் காய்ச்சலில் புரதம் சற்றே ஏறும், சர்க்கரை பெரும்பாலும் குறையாது. மூன்றுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு. மருந்தோ வேறு வேறு. ஒன்றுக்குப் பத்து நாள் ஊசி, இன்னொன்றுக்கு மாதக்கணக்கில் மாத்திரை.

இன்னொரு வேடிக்கை. 1916-ல், உலக யுத்தத்தின் நடுவே, கால் கை செயலிழந்த இரண்டு சிப்பாய்களின் முதுகு நீரைப் பிரெஞ்சு டாக்டர்கள் சோதித்தனர். புரதம் மிகக் கூடியிருந்தது, அணுக்களோ கூடவில்லை. கிருமி மூளைக்காய்ச்சலுக்கு ஒத்துவராத இந்தக் கணக்கிலிருந்துதான் கில்லன் பாரே நோய் உலகுக்குத் தெரிந்தது. 2025 தொடக்கத்தில் புனே நகரில் பலரைப் படுக்கையில் தள்ளியது இந்த நோய்தான். முதல் வாரத்தில் புரதம் ஏறாமலும் இருக்கலாம் என்பதால் டாக்டர்கள் மறுபடி சோதிப்பதுண்டு.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஜப்பான் மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 1955-ல் வேலூர் வட்டாரத்தில்தான் அறியப்பட்டது. இன்று அந்த நோயை உறுதி செய்ய முதுகு நீரில் ஓர் எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறார்கள். அந்த எதிர்ப்புப் பொருளும் ஒரு புரதமே.

அமீபா விஷயம் சற்று ஏமாற்றக்கூடியது. புரதம் கூடும், சர்க்கரை குறையும். காகிதத்தில் பார்த்தால் சாதாரண பாக்டீரியா நோய் மாதிரியே இருக்கும். நீரைக் குளிர்ப்பெட்டியில் வைக்காமல் உடனே மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உயிருள்ள அமீபா நெளிவது தெரியும். குளத்தில் குளித்தான் என்ற செய்தியை வீட்டார் சொல்ல மறக்கக் கூடாது.

தலைவலி நிஜம்

ஊசியால் ஒரு தொந்தரவும் இல்லை என்று சொன்னால் பொய்யாகும். கீல் நகரில் குவிங்கேயுடன் அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பியர் என்ற சர்ஜன், 1898 ஆகஸ்டில் ஒரு தொழிலாளியின் காலில் ஆபரேஷன் செய்ய, குவிங்கே முறைப்படி முதுகில் குத்திக் கொக்கேன் மருந்தைச் செலுத்தினார். கால் மரத்துப் போயிற்று. முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்வது அன்று தொடங்கியது. சில நாள் கழித்துப் பியரும் உதவியாளர் ஹில்டபிராண்டும் தங்கள் மீதே சோதித்துப் பார்த்தனர். உதவியாளரின் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் அடித்தும் அவருக்கு வலிக்கவில்லை. மகிழ்ச்சியில் இருவரும் ஒயினும் சுருட்டுமாக விருந்து கொண்டாடினர். மறுநாள் இருவருக்கும் தலை வெடிக்கும் போன்ற வலி! பியர் நாள்கணக்கில் படுக்கையில் கிடந்தார். ஊசித் துளை வழியாக நீர் கசிவதால் வருவது இது. இன்று ஊசி மெல்லியது. தலைவலி வந்தாலும் பெரும்பாலும் சில நாளில் தீர்ந்துவிடும்.

டாக்டர்களே ஊசியைத் தள்ளிப்போடும் சமயமும் உண்டு. மூளையில் கட்டி இருந்து அழுத்தம் மிகக் கூடியிருந்தால், கீழே நீர் எடுப்பது ஆபத்தாகலாம். அதனால்தான் சந்தேகம் உள்ளவர்களுக்கு முதலில் ஸ்கேன் எடுக்கிறார்கள். ரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்களுக்கும், குத்தும் இடத்தில் புண் உள்ளவர்களுக்கும் நிறுத்தி வைக்கிறார்கள்.

எடுக்கும் நீரின் அளவு குழந்தைக்கு இரண்டு மூன்று மில்லிலிட்டர். பெரியவர்களுக்குப் பத்து மில்லிலிட்டர். உடம்பு மணிக்குச் சுமார் 20 மில்லிலிட்டர் புதிதாக உற்பத்தி செய்கிறது. எடுத்தது அரை மணியில் நிரம்பிவிடும். வழக்கமாக மூன்று சிறு குழாய்களில் பிடிப்பார்கள்: ஒன்று புரதத்துக்கும் சர்க்கரைக்கும், ஒன்று கிருமிக்கு, ஒன்று அணுக்களை எண்ண. மூன்று குழாயைக் கண்டு, குழந்தையின் நீரையெல்லாம் உறிஞ்சிவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.

எல்லையில் உள்ளவர்களுக்கு இன்னொன்று. கையெழுத்துப் போட மறுத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போடி மெட்டு இறங்கித் தேனிக்கோ, வாளையார் தாண்டிக் கோவைக்கோ போகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஊர் மனிதர் உள்ள ஆஸ்பத்திரி என்றால் தைரியம்; அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயணத்தில் போகும் மணி நேரங்கள்தான் காலையும் காதையும் உயிரையும் கொண்டு போகின்றன. நோயின் கொடுமையால் வரும் ஊனத்தை, ஊசியின் கணக்கில் எழுதிவிடுகிறோம். போவதே முடிவானால், இங்கே போட்ட மருந்தின் சீட்டையும், நீர் எடுத்திருந்தால் அதன் சோதனைத் தாளையும் கட்டாயம் கொண்டு போக வேண்டும். மருந்து ஏறிய சில மணி நேரத்திலேயே கிருமி கண்ணுக்கு அகப்படாமல் போகலாம். புரதத்தின் ஏற்றம் பல நாள் நிற்கும். அந்தப் புதிய டாக்டருக்கு முதல் நாள் புரதம் எவ்வளவு இருந்தது என்ற ஒரு எண் பெரிய உதவி.

மருந்து வரும் முன்னே

1908-ல் குவிங்கே ஓய்வு பெற்று, மைன் நதிக்கரையில் உள்ள பெரிய பிராங்க்பர்ட்டில் குடியேறினார். அங்கும் ஆராய்ச்சியை விடவில்லை. நோபல் பரிசுக்கு அவர் பெயர் பல தடவை முன்மொழியப்பட்டது, கிடைக்கவில்லை. முதல் உலக யுத்தத்தையும் அதன் பின் ஜெர்மனி பட்ட கஷ்டத்தையும் கண்டார். 1922 மே 19-ந் தேதி, 79-ம் வயதில் காலமானார்.

காசநோய் மூளைக்காய்ச்சல் என்று நீரைப் பார்த்து அவரால் சொல்ல முடிந்தது. கொடுப்பதற்கு அவரிடம் மருந்து இல்லை. அந்நாளில் அந்த நோய் வந்த குழந்தை ஏறக்குறைய நிச்சயமாக இறந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் அறிவிக்கப்பட்டது 1944-ல், அவர் இறந்து 22 ஆண்டு கழித்து. அதன் பிறகுதான் முதுகு நீரில் புரதம் இத்தனை மில்லிகிராம் என்று படித்த டாக்டர், அலமாரியைத் திறந்து மருந்தை எடுக்க முடிந்தது.